என் துணிக்கொடி இருந்த இடத்தில் ஹாட் டப்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வேல்ஸ் கடற்கரைக் காட்டேஜ்களைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், ஒரு சனி ஞாயிறு லீன் தீபகற்பத்துக்குப் போய், கடலைப் பார்த்தபடி ஹாட் டப்பில், அதாவது வெளியே வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டியில், உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று எழுதியிருந்தது. நான் அந்தத் தீபகற்பத்தில்தான் ஏழு வருடமாக இருக்கிறேன். காட்டேஜ்களைச் சுத்தம் செய்வது என் வேலை. சனிக்கிழமை என்றால் எனக்கு மூன்று வீடு, மூன்று ஹாட் டப். கட்டுரையில் இல்லாத சிலவற்றை உங்கள் வாசகர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றி. காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும், மாலை நாலு மணிக்கு அடுத்த குடும்பம் வரும். நடுவில் படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் போக, தொட்டியைக் காலி செய்து கழுவி நிரப்ப வேண்டும். ஐந்து பேர் உட்காரும் தொட்டியில் சுமார் 1,200 லிட்டர் பிடிக்கும். வடிந்த பிறகு, தண்ணீர் நின்ற கோட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படும். சன் க்ரீம், வியர்வை, தலைமுடி எண்ணெய் எல்லாம் சேர்ந்தது அது. நம் குடும்பங்கள் வந்து போன வீடாக இருந்தால் தேங்காய் எண்ணெய் வாசனையே சொல்லிவிடும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கினால் தண்ணீரில் போட்ட குளோரின் அந்த எண்ணெயோடு போராடியே தீர்ந்துவிடும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது என்பது பலருக்குத் தெரியாது. தொட்டியில் இறங்கும் முன் தலைக்கு ஷாம்பூ போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் சூடு. மார்ச் மாதத்தில் தோட்டத்துக் குழாயில் வரும் தண்ணீர் ஏழெட்டு டிகிரிதான் இருக்கும். 1,200 லிட்டரை அங்கிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற, 3 கிலோவாட் ஹீட்டருக்குக் குறைந்தது பதினாலு மணி நேரம் வேண்டும். மூன்று மணிக்கு நிரப்பினால் மறுநாள் விடிந்துதான் இறங்க முடியும். இரண்டு ராத்திரிக்கு வருகிறவர்கள் இது தெரியாமல், வந்து இறங்கிய அன்று சாயங்காலமே "தண்ணி ஏன் பச்சத் தண்ணியா இருக்கு?" என்று போன் செய்வார்கள். அந்தப் போனுக்குப் பயந்துதான் சில இடங்களில் பழைய தண்ணீரை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

என்னிடமே ஒருவர் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன், குளிர்காலம். "தண்ணீரை மாற்ற வேண்டாம், இரண்டு கரண்டி குளோரின் போட்டு மூடி வை" என்றார். முடியாது என்று சொன்னேன். அந்த வீட்டு வேலை அதோடு போயிற்று. எனக்கு வருத்தமில்லை. வாடகைக்கு விடும் வீட்டுத் தொட்டியில் ஒவ்வொரு குழு போன பிறகும் தண்ணீரை மாற்ற வேண்டும் என்பது இங்குள்ள பாதுகாப்பு வழிகாட்டுதல். அது காரணமில்லாமல் வந்ததல்ல. லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரையான தண்ணீரில் பெருகும். ஹாட் டப்பின் சூடு அதற்கு ரொம்பத் தோதானது. தொட்டிக்குள் குமிழி எழும்போது பறக்கும் பொடித் துளிகளை மூச்சில் இழுத்தால் நுரையீரலைப் பிடிக்கும். 2012இல் இங்கிலாந்தின் ஸ்டோக் ஆன் ட்ரெண்ட் நகரில், ஒரு கடையில் பார்வைக்கு ஓடவிட்டிருந்த தொட்டியிலிருந்து பரவி இரண்டு பேர் இறந்தார்கள். வயதானவர்களையும் புகை பிடிப்பவர்களையும்தான் இது அதிகமாகத் தாக்குகிறது. கட்டுரை கூப்பிடுவதும் அறுபது, எழுபது வயதுப் பெற்றோரைத்தான். அதனால் கேட்கிறேன், வந்ததும் வீட்டுக்காரரிடம் தண்ணீர் சோதித்த பதிவேட்டைக் கேளுங்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவர்கள் தயங்காமல் காட்டுவார்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இதெல்லாம் தொட்டியைப் பற்றி. எனக்கு உண்மையில் மனசு கொதித்தது கட்டுரையின் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த பகுதியைப் பார்த்துத்தான். வேல்ஸ் கடற்கரையில் ஒரு பழைய வீடு வாங்கி, ஹாட் டப் வைத்து வாடகைக்கு விட்டால் நல்ல முதலீடு என்று அதில் இருந்தது.

அபர்டாரன் பக்கம் ஒரு சின்ன ஊரில், அப்படி ஒரு பழைய வீட்டில்தான் நாங்கள் நாலரை வருடம் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். மகள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்து ஒரே வருடத்தில் வெல்ஷ் பேச ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு அம்மாவை "நைன்" என்றுதான் கூப்பிடுவாள், வட வேல்ஸில் பாட்டிக்கு அதுதான் சொல். அவர் எங்களுக்கு வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் கொடுப்பார், நான் ரசம் கொடுப்பேன். பின்பக்கம் துணிக்கொடி கட்டியிருந்தேன். அதன் கீழே ஒரு பாத்தியில் மே மாதம் கொத்தமல்லி விதைப்பேன், கடல் காற்றுக்குப் பாதி கருகினாலும் மீதி வரும்.

வீட்டுக்காரர் சட்டப்படி ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தார். காட்டேஜாக மாற்றப் போவதாகச் சொன்னார். அந்த ஆறு மாதமும் அதே ஊரில் வீடு தேடினோம். ஆண்டு முழுக்க வாடகைக்குத் தருகிற வீடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் புல்ஹெலி டவுனுக்கு வந்துவிட்டோம். இப்போது சனிக்கிழமைகளில் அங்கே போய் நான் சுத்தம் செய்யும் மூன்று வீட்டில் ஒன்று, நாங்கள் இருந்த வீடுதான். கொத்தமல்லிப் பாத்தியைச் சமப்படுத்தி சிமெண்ட் போட்டு அதன் மேல்தான் தொட்டியை வைத்திருக்கிறார்கள். துணிக்கொடி கட்டிய கம்பம் மட்டும் இன்னும் நிற்கிறது. அதில் விளக்குச் சரம் தொங்குகிறது.

தொட்டி எதற்கு என்று வீட்டுக்காரரிடமே கேட்டேன், மறைக்காமல் கணக்கைச் சொன்னார். முன்பெல்லாம் வருடத்தில் 70 இரவு வாடகைக்குப் போனாலே அது தொழில் கணக்கில் சேரும். 2023 ஏப்ரலில் வேல்ஸ் அரசு அதை 182 இரவாக ஆக்கியது. அத்தனை இரவு போகவில்லை என்றால் வீட்டுக்குக் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் குடியிருப்பு வரி, கட்ட வேண்டும். எங்கள் தீபகற்பம் இருக்கும் க்வினெத் பகுதியில் இரண்டாவது வீடு என்றால் அந்த வரியின் மேல் இன்னும் 150 சதவீதம், அதாவது இரண்டரை மடங்கு. கோடையை மட்டும் நம்பி 182 இரவு தேறாது. நவம்பரிலும் பிப்ரவரியிலும் மழையில் யார் வருவார்கள்? ஹாட் டப் இருந்தால் வருகிறார்கள். வீடுகள் ஊர்க்காரர்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அரசு இந்த விதியைக் கொண்டுவந்தது, அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் நான் வேலை செய்யும் வீடுகளில் முதலில் வந்து இறங்கியது தொட்டிதான்.

இந்த மாதிரி வீட்டுக்கு இங்கே "தீ ஹாவ்" என்று பெயர், கோடை வீடு என்று அர்த்தம். அந்தச் சொல்லை ஊர்ப் பெரியவர்கள் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வேல்ஸ் முழுக்க எடுத்தால் 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம்தான். க்வினெத்தில் மட்டும் 64.4. கடையிலும் பஸ்ஸிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரு மொழி உயிரோடு இருக்கும் மிச்ச இடங்களில் இது ஒன்று. பக்கத்திலேயே அபர்சாக் என்ற கடற்கரை ஊர், கோடை வீடுகளுக்குப் பேர் போனது. பிள்ளைகள் குறைந்துபோய் அங்கே பள்ளிக்கூடத்தையே 2021 டிசம்பரில் மூடிவிட்டார்கள். மொழி என்றால் உயிர் என்று சொல்லி வளர்ந்த நம்மவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

லீனுக்கு வராதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். வாருங்கள், என் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது. வந்தால் ஏழு நாள் தங்குங்கள், இரண்டு ராத்திரிக்காக ஆயிரம் லிட்டரைக் கொதிக்க வைக்க வேண்டாம். வீட்டுக்காரர் அதே கூரையின் கீழ் இருக்கும் பண்ணை வீடுகளில் அறை கிடைக்கும், காலைச் சாப்பாடும் தருவார்கள், அங்கே தங்கினால் ஒரு வீடும் காலியாகாது. போர்த்தோர் கடற்கரையில் காய்ந்த மணலைக் காலால் தேய்த்து நடந்தால் கீச்சென்று சத்தம் போடும், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வாங்கி வாடகைக்கு விடலாம் என்று யோசிக்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தத் தெருவில் ஒரு தடவை நடந்து பாருங்கள். நாங்கள் இருந்த தெருவில் பத்தொன்பது வீடு. போன ஜனவரியில் நைனைப் பார்க்கப் போனபோது நாலு வீட்டில் விளக்கு எரிந்தது. "ஐந்தாவது உங்களுடையது" என்றார் அவர், எங்கள் பழைய வீட்டைக் கைகாட்டி. அன்று அது இருட்டாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
புல்ஹெலி, வடக்கு வேல்ஸ்