பேர் கேட்காமல் விட்ட அண்ணாச்சிக்கு

சென்னையில் இரண்டாவது வேலையும் போய், 2019 ஆடியில் பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். கடைசிச் சம்பளத்தில் கருப்பட்டி வாங்கி விற்க இறங்கினேன். ஐப்பசி மழையில் மூட்டையெல்லாம் ஈரம் கோத்து இளகிவிட்டது. அந்த மூட்டைகளோடு சந்தையில் நின்ற என்னிடம் நீங்களாகவே வந்தீர்கள்.

"தம்பி, பங்குனி, சித்திரை, வைகாசியிலதான் பதனீர் நல்லா இறங்கும். அப்ப கருப்பட்டி வாங்கி, ஓலைப்பெட்டியில போட்டு, அடுப்புக்கு மேல பரண்ல ஏத்திரு. புகையும் சூடும் பட்டா மழைக்கு இளகாது" என்றீர்கள். அப்புறம், பலகாரத்துக்கு ஆகும் என்று இளகியதில் பாதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டீர்கள். அந்தக் காசில்தான் அடுத்த பங்குனிக்குச் சரக்கு எடுத்தேன்.

இன்று கடையில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். பின்கட்டில் விறகடுப்பும் பரணும் இருக்கின்றன. ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஒருநாள் வாங்க, சுக்குக் காப்பி குடிப்போம்.