எண்ணெய் வைக்கிறாயா?

அன்பு மகள் கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தை வீட்டு வளைகாப்புக்கு நீ வராததைப் பற்றி யாரும் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆபீஸில் எடுத்த போட்டோ வந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார் அப்பா. என் கண்ணில் பட்டது உன் முடிதான். நுனியெல்லாம் செம்பட்டை பாய்ந்து பறக்கிறது. எண்ணெய் வைக்கிறாயா, இல்லையா?

ஹாஸ்டலில் லாரித் தண்ணீர் என்றாய். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, பார். சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீராக இருந்தால் அந்த உப்பு முடியிலும் படியும், முடி சொரசொரவென்று ஆகிவிடும். கடைசி ஒரு சொம்பு மட்டும் குடிக்கிற ஃபில்டர் தண்ணீரை ஊற்றி அலசு. வெந்நீரைத் தலைக்கு ஊற்றாதே.

சம்பளத்தில் பாதியைத் தம்பி பீஸுக்கு அனுப்பிவிடுகிறாய். மீதியில் உனக்கென்று ஒரு டப்பா க்ரீம் வாங்க மாட்டாய், தெரியும். வாங்கவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் போதும். அதையும் தலை வழிய வைக்காதே. நம் முடி மெல்லிசு, எண்ணெய் கூடினால் படிந்து பிசுபிசுவென்று நிற்கும், அதை எடுக்க இன்னும் ஷாம்பு போடுவாய், இன்னும் காயும். குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால், காதுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தடவு. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும், அதனால் அலசும்போது சேதாரம் குறையும். விளக்கெண்ணெய் வேண்டாம். அது கனம், உன் முடி தாங்காது.

சீயக்காய் கேட்டிருந்தாய். அனுப்பவில்லை. காய்ந்த முடியை அது இன்னும் காயவைக்கும். ஷாம்புவை மக்கில் கரைத்து உச்சந்தலையில் மட்டும் போடு. கண்டிஷனர் பாக்கெட்டைப் பிரித்துப் பாதியை நுனிக்குத் தடவிவிட்டு, மீதியை மடித்துக் கிளிப் போட்டு வை. அடுத்த குளியலுக்கு ஆகும்.

கீழமாசி வீதிக்குப் போன அப்பாவிடம் சொல்லி வெந்தயம் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு ஸ்பூன் ராத்திரி ஊறப்போட்டால் காலையில் தண்ணீர் கொழகொழவென்று இருக்கும். அதை வடிகட்டித் தடவு, அரைத்துப் பூசாதே. மெல்லிய முடியில் திப்பி சிக்கினால் அதை எடுக்கும்போதே பாதி முடி வந்துவிடும். கற்றாழை கிடைத்தால் சீவி, அந்த மஞ்சள் பால் வடிந்தபின் கழுவிப் போடு, இல்லையென்றால் அரிக்கும். வடிகஞ்சி எப்போதாவது போதும். அடிக்கடி போட்டால் கஞ்சி போட்ட சேலை மாதிரி விறைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் வறட்சிக்குத்தான். மெல்லிய முடியைக் கனமாக்க எந்த எண்ணெயும் கிடையாது, எவன் விற்றாலும் நம்பாதே. என் முடி, அம்மாச்சி முடி எல்லாம் இதே வாகுதான். தை மாதம் பெண் பார்க்க வந்த அந்தம்மா பூவைச் சரிசெய்கிற சாக்கில் உன் சடையைக் கைக்குள் பிடித்துப் பார்த்து, "முடி ரொம்ப லேசா இருக்கே" என்றாளே, அவளுக்கு என்ன தெரியும்? சொம்பும் டம்ளருமாகச் சமையலறைக்கு வந்த நீ அப்புறம் ஹாலுக்குப் போகவே இல்லை. மறுநாள் விடியும் முன்னே பஸ் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து போன் பண்ணினாலும், சாப்பிட்டேன், தூங்கப்போகிறேன், இரண்டு வார்த்தைதான். அவர்கள் பக்கமிருந்து பதில் வந்தது. வேண்டாம் என்று இல்லை, வேணும் என்றுதான். அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இஷ்டமில்லை. உனக்கு எப்படி என்று தெரியாமல் நான் எதுவும் பேசமாட்டேன்.

சரி, ஈரத்தில் சீப்புப் போடாதே, அப்படியே அறுந்து வரும். முரட்டுத் துண்டால் தேய்க்காதே. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன், அதில் ஒற்றி எடு. லேசான ஈரத்தில் ஒரு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் தடவு. ஒரே சொட்டு. முருங்கைக்கீரை கிடைத்தால் சாப்பிடாமல் விடாதே. கொத்தாக உதிர்கிறதென்றால் எண்ணெயை நம்பி உட்காராமல் ரத்தம் கொடுத்து டெஸ்ட் எடு, பணம் நான் அனுப்புகிறேன். தம்பி பீஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வெந்தயமும் செக்கு எண்ணெயும் மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்கிறேன். வந்ததும் போன் பண்ணு. சாயங்காலமாகப் பண்ணு, அப்பா கடையில் இருப்பார்.

இப்படிக்கு,
அம்மா