அந்த டப்பாவைப் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். செவலை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. பெரியம்மா வீட்டு விசேஷத்தில் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். மற்றதெல்லாம் அப்புறம் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது ஈரத்துணி இருந்தால் எடுத்துக் காயப்போடலாம் என்று உன் பையைத் திறந்தேன். வேவு பார்க்கவில்லை சாமி. எல்-ட்ரிப்டோஃபேன் 500 மில்லிகிராம், பாதி காலியான டப்பா. 31 வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றவளுக்கு அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அது கெட்ட பொருள் இல்லை. நம் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலம், அதாவது புரதம் கட்டப்படும் சின்னத் துண்டுகளில் ஒன்று. 1901இல் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பால் புரதத்திலிருந்து பிரித்தெடுத்தார் என்று டிப்ளமோவில் படித்தது இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்துதான் மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரட்டோனின் உண்டாகிறது, இருட்டியதும் அதில் கொஞ்சம் தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனினாக மாறுகிறது. தூக்கத்துக்கு என்று விற்பது அதனால்தான். சிலருக்குக் கொஞ்சம் உதவவும் செய்யும். ஆனால் விழுங்கியதெல்லாம் மூளைக்குப் போய்விடாது. பெரும்பகுதி ஈரலிலேயே வேறு வழிக்குப் போய்விடும். மீதியும் மற்ற அமினோ அமிலங்களோடு ஒரே வாசலில் முண்டியடித்துத்தான் நுழைய வேண்டும். பால், எள்ளு, நிலக்கடலை, பூசணி விதை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நான் கட்டிக் கொடுத்த எள்ளுருண்டையை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

1989இல் அமெரிக்காவில் இதைச் சாப்பிட்ட 1,500 பேருக்கு மேல் கடுமையான தசைவலி வந்து, முப்பது பேருக்கு மேல் இறந்தே போனார்கள். ஜப்பானில் ஒரே கம்பெனி செய்த சரக்கில்தான் கோளாறு என்று பிறகு தெரிந்தது. அதனால் யார் செய்தது, என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

என் பயம் அது இல்லை. வேறு மாத்திரையோடு இதைச் சேர்க்கக் கூடாது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், வலிக்குக் கொடுக்கும் டிராமடால், ஏன், வறட்டு இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன்கூட. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி ஏறலாம். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு போகும், காய்ச்சலும் குழப்பமும் வரும். அப்படி வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

வாசலில் கோலம் போடும்போது உன் கை நடுங்கியது. பனி என்றாய். நானும் சரி என்றேன்.

நீ வேறு எதுவும் போடவில்லை என்றால் நல்லது. போட்டால், டாக்டரைக் கேட்கும்வரை டப்பாவைத்தான் நிறுத்த வேண்டும், அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், அதை நீயாக நிறுத்தாதே. என் பெண் பெங்களூரில் பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிறாள் என்று கடைவீதி முழுக்கச் சொல்கிறேன். அவள் ராத்திரி தூங்குகிறாளா என்று மட்டும் எனக்குத் தெரியாது.

கயல், அப்பா போன பிறகு எட்டு மாதம் நானும் மாத்திரை போட்டேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின். பி காம்ப்ளெக்ஸ் டப்பாவில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன். நீ அப்போது பிளஸ் டூ. ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு வந்து, "அசதியா இருக்கும்மா, எனக்கும் ஒண்ணு குடு" என்றாய். பிடுங்கிக்கொண்டு உன்னை அடித்துவிட்டேன். எதற்கு அடி வாங்கினாய் என்று இன்றுவரை உனக்குத் தெரியாது. இதே மாத்திரையை வாங்க வருகிறவர்களிடம், "இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லைங்க" என்று தினமும் சொல்லிக் கொடுத்தவள் நான். வீட்டுக்குள் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடம் ஹாஸ்டலிலிருந்து தூக்கமே வரவில்லை என்று அழுதாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். "படுத்தால் தானாக வரும்" என்று போனை வைத்தேன்.

டப்பாவின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் வேறு மாத்திரை அட்டை இருந்தால் அதையும் சேர்த்து வைத்து எடு. மருந்தின் பெயரை மட்டும் பார்த்துக்கொள்கிறேன், எதற்கு என்று கேட்க மாட்டேன். ராத்திரி எத்தனை மணியானாலும் அனுப்பு, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அம்மா