நெடுந்தீவுக் குதிரைகளுக்குத் தண்ணீர் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் நெடுந்தீவில், வெளியில் திரியும் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகின்றன என்று உங்கள் பத்திரிகையில் படத்தோடு வந்த செய்தியைப் பார்த்தேன். ஆடி, ஆவணி பிறந்தால் இந்தச் செய்தியும் வந்துவிடுகிறது. பவுசரில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டி நிரப்புகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 40 லீற்றர் வேண்டும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. ஆனால் மாரி மழை விழுந்ததும் அந்தச் சீவன்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன். அவற்றில் சிலவற்றைப் பராமரித்து, உடல் இயலாத பிள்ளைகளின் பயிற்சிக்கும் பயன்படுத்தும் ஓரிடம் அங்கே வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கப்பலில் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை இவை. அந்தக் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்றைக்கும் அங்கே நிற்கின்றன. சுற்றிவரக் கடல் என்பதால் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெருகி, உப்புக்காற்றுக்கும் காய்ந்த புல்லுக்கும் பழகிப்போன சிறிய குதிரைகள். தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனாலும் ஒரு குதிரைக்குக் காயம் என்றால் கிட்டப்போகத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்?

போன ஆவணியில் ஊருக்குப் போயிருந்தபோது, வற்றிய குளத்துச் சேற்றில் ஒரு குட்டி முன்னங்கால் இரண்டும் புதைந்து கிடந்தது. தாய்க்குதிரை கரையில் நின்று கனைத்தபடி இருந்தது. ஓடிவந்த பொடியன்கள் மூன்று பேருக்கும் நல்ல மனசு, ஆனால் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. ஒருவன் வாலைப் பிடித்து இழுத்தான், ஒருவன் கழுத்தில் கயிறு போட்டான். நானும் தெரியாதவன்தான். கடைசியில் வயிற்றுக்குக் கீழே சாக்கைக் கொடுத்துத் தூக்கி எடுத்தோம். குளம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. மருந்து போட அக்கரையிலிருந்து ஆள் வரவேண்டும், அன்றைக்கு யாரும் வரவில்லை. குட்டி நொண்டிக்கொண்டே தாயோடு போனது. பிறகு என்ன ஆனதோ, அந்த நினைவு இன்னும் என்னை விடவில்லை.

நான் ஓய்வுபெற்ற இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு குன்றிய, மூளைவாதம் உள்ள பிள்ளைகளோடு முப்பது வருடம் வேலை செய்தவன். கனடாவில் மகள் வீட்டுக்குப் போனபோது, இப்படிப்பட்ட பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்தும் ஓரிடத்தை நேரில் பார்த்தேன். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசையும், கொஞ்சம் திரும்பியும் கொடுக்கும். நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். ஒருநாளும் நடந்தறியாத பிள்ளையின் இடுப்புக்கு நடை என்றால் என்னவென்று குதிரை சொல்லிக்கொடுக்கிறது. அன்று ஏழு வயதுப் பையன் ஒருவனை ஏற்றினார்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்த, இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். இறுக மூடியிருந்த அவன் கை மூன்றாவது சுற்றில் மெல்ல விரிந்து பிடரிமயிரைப் பற்றியது. பயிற்சி மேசையில் அந்த விரல்களை விரிக்க நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

இது புதிய சங்கதியும் அல்ல. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் உதவி வேண்டியிருந்தது.

கனடாவில் இன்னொன்றும் கேள்விப்பட்டேன். ஒஜிப்வே பழங்குடி மக்களின் குதிரை இனத்தில் 1977 இல் லக் லா குறுவா என்ற இடத்தில் மிஞ்சியவை நான்கே நான்கு பெண் குதிரைகள். அவற்றையும் கொல்லப் போகிறார்கள் என்றதும், உறைந்த ஏரியின் மேலாக அமெரிக்கப் பக்கம் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். இன்று அந்த வழிவந்த குதிரைகளோடு பழங்குடிப் பிள்ளைகளைப் பழகவிட்டு, அவர்களின் மனக்காயத்தை ஆற்றுகிறார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? மன்னாரில் தெருவில் வாகனம் மோதிக் கிடந்த கழுதைகளுக்கு பிரிட்ஜிங் லங்கா அமைப்பு சிகிச்சை நிலையம் நடத்தி, விசேட தேவையுடைய பிள்ளைகளை அவற்றோடு பழகவிட்டிருக்கிறது. கழுதையால் முடிந்தது நம் குதிரையால் முடியாதா?

எல்லாக் குதிரைகளையும் பிடித்துக் கட்டச் சொல்லவில்லை. பட்டி வெளியில் திரியட்டும், அதுதான் அதன் வாழ்க்கை. தாயை இழந்த குட்டிகள், காயப்பட்டவை என ஐந்தாறைக் கொண்டு தொடங்கலாம். பத்து இளைஞர்களுக்குக் குதிரை பழக்கவும் குளம்பு பார்க்கவும் முதலுதவி செய்யவும் கற்றுக்கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுக்கவேண்டும். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்பார்கள். ஆகவே இந்தச் சிறிய குதிரைகளில் பிள்ளைகள்தான் ஏறலாம். போரில் கைகால் இழந்த பெரியவர்கள் தேய்த்துவிடலாம், தீவனம் வைக்கலாம், கூட்டிக்கொண்டு நடக்கலாம். அதுவும் மருந்துதான். சுற்றுலாப் பயணிகளைக் காசுக்கு ஏற்றிச் சுற்றிக்காட்டும் வேலையாக மட்டும் இதை மாற்றிவிடக்கூடாது.

வனசீவராசிகள் திணைக்களமும் மாகாணக் கால்நடைத் திணைக்களமும் பிரதேச செயலகமும் ஒரே மேசையில் இருந்து, அடுத்த கோடைக்கு முன் இதைப் பேசவேண்டும். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தையும் அழைக்கலாம். பிள்ளைகளுக்கான பயிற்சியைப் பார்த்துக்கொள்ள நான் சம்பளமில்லாமல் வருகிறேன். குறிகட்டுவானிலிருந்து காலைப் படகேறினால் போதும்.

இப்படிக்கு,
நெடுந்தீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இயன்மருத்துவர்,
யாழ்ப்பாணம்.