முதல் பருவம் முடிகிறது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

தாராவி, மும்பை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூனில் மழையோடு தொடங்கிய முதல் பருவம் இந்த வாரத்தோடு முடிகிறது. பருவத் தேர்வுகள் நல்லபடியாக நடந்தன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் போன ஆண்டைவிட முன்னேறியிருக்கிறார்கள். கபடி அணி இரண்டாம் இடம் பெற்றது. மராத்திப் பேச்சுப் போட்டியில் நம் மாணவிகள் இருவர் பரிசு வாங்கினார்கள். சுதந்திர தினமும் ஆசிரியர் தினமும் சிறப்பாக நடந்தன. எல்லாருக்கும் வாழ்த்துகள். சயான் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாட்களிலும் பிள்ளைகளைப் பத்திரமாக அனுப்பி வைத்தீர்கள், அதற்கும் நன்றி.

அப்புறம், செப்டம்பரில் நடந்த ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலக் கண்காட்சி. இதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எதற்காக அதை நடத்தினோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். கட்டுரை கொடுத்தால் மனப்பாடம் செய்து பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டால் வாய் திறப்பதில்லை. நாளைக்கு அந்தேரியிலோ பாந்த்ராவிலோ வேலைக்குப் போய் நிற்கும்போது அங்கே கட்டுரை கேட்க மாட்டார்கள், பேசத்தான் சொல்வார்கள். அதனால் எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார். சுற்றுச்சூழலைக் காக்கும் ஒரு கண்டுபிடிப்பையோ, தன் தெருவில் தினமும் பார்க்கும் ஒரு பிரச்சினையையோ எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கிடைக்கும் பொருளை வைத்து ஒரு மாடல் செய்ய வேண்டும். அதைப் பற்றி மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேசி, வருகிறவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தப்பான ஆங்கிலத்துக்கு மார்க் குறைக்க மாட்டோம் என்றும் வகுப்பில் சொல்லியிருந்தோம்.

கண்காட்சி அன்று காலை ஹாலுக்குள் நுழைந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மேசை மேசையாகக் காற்றாலைகள், சோலார் வீடுகள், பச்சைக் காகிதப் புல்வெளிகள். இரண்டாவது வரிசைக்குப் போனபோதுதான் கவனித்தேன். அதே சிவப்பு ஓட்டு வீடு, அதே மூன்று இறக்கைக் காற்றாலை, நான்கு மேசைகளில் இருந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் 550 ரூபாய் என்று கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

ஒரு பையனிடம் நான்தான் ஆங்கிலத்தில் கேட்டேன்: காற்று அடித்தால் இந்த இறக்கை ஏன் சுற்றுகிறது? அவன் மனப்பாடம் செய்து வந்த மூன்று நிமிடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தான். பாதியில் நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான், கண் கலங்கிவிட்டது. அவனை வெளியே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்து, தமிழிலேயே கேட்டேன். இறக்கை சாய்வாக இருப்பதால் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்றான். ஃபேன் மோட்டாரில் கரண்ட் கொடுத்தால் சுற்றும், இதில் சுற்றினால் கரண்ட் வரும், ரெண்டும் ஒரே வேலைதான் டீச்சர், திருப்பிப் போட்ட மாதிரி என்றான். அவன் சாயங்காலத்தில் தன் மாமாவின் மோட்டார் வைண்டிங் கடையில் உட்காருகிறவன். எனக்கே அன்றைக்கு அவன் சொல்லித்தான் அது சரியாகப் புரிந்தது.

இவ்வளவு தெரிந்த பிள்ளை ஏன் அழ வேண்டும்? அவனுக்குத் தெரிந்ததை வைத்து அவன் பேசவில்லை. கடையில் வாங்கிய மாடலும், செல்போன் எழுதிக் கொடுத்த ஆங்கிலமும் அவன் வாயை அடைத்துவிட்டன. மாமா கடையிலிருந்து ஒரு பழைய மோட்டாரும் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கும் கொண்டு வந்து, கையால் சுற்றிக் காட்டி, "ஐ ரொட்டேட், லைட் கம்" என்று சொல்லியிருந்தால் அந்த ஹாலில் அவன்தான் முதல்.

செல்போன் விஷயமும் அப்படித்தான். ஏழு பிள்ளைகளின் பேச்சு ஒரே வாக்கியத்தில் தொடங்கியது. எழுவருமே திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரைப் பற்றிப் பேசினார்கள். நல்ல தேர்வு, அதில் குறையே இல்லை. தன் தெருவில் இஸ்திரி போடுகிறவர் எரிந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்து, கரிக்குப் பதில் வெயிலில் ஓடும் இஸ்திரி வண்டியை யோசித்த பள்ளி மாணவி அவர். 2021இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் என்ற உலகப் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார், அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். ஆனால் நம் பிள்ளைகளின் பேச்சில் இருந்த சொற்களில் பாதியை அவர்களால் உச்சரிக்கவே முடியவில்லை. உங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற அண்ணன் ஒரு நாளைக்கு எவ்வளவு கரி எரிக்கிறார் என்று கேட்டேன். எழுவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு மாணவி மறுநாள் போய் அவரிடம் கேட்டு வந்து சொன்னாள். அதற்கு அவளுக்குத் தனியாக மார்க் போட்டோம்.

இன்னொரு மேசையையும் சொல்ல வேண்டும். அதில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, நாலு பக்கமும் மூடியது. மேலே ஒரு ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி செருகியிருந்தாள் அந்தப் பெண். பக்கத்தில் கண் வைத்துப் பார்க்க ஒரு சின்ன துளை. பெட்டியை வெயிலில் கொண்டு வைத்தாள். குனிந்து பார்த்தேன், உள்ளே பல்பு போட்ட மாதிரி வெளிச்சம். 2002இல் பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்ஃப்ரெடோ மோசர், அடிக்கடி கரண்ட் போன காலத்தில் யோசித்தது இது. பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி பிளீச் ஊற்றினால் போதும். நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும், ஒரு பைசா கரண்ட் செலவில்லை. நம் சந்துகளில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட் எரியும் வீடுகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பெண் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "சன் கம் ஆன் டாப். வாட்டர் டேக் தி லைட். கிவ் ஆல் சைட். மை ஹவுஸ் நோ விண்டோ. மை மதர் ஸ்டிச் இன் நைட் அண்ட் டே, ஐ பெயின். திஸ் பாட்டில் குட் ஃபார் மை மதர்." இலக்கணம் பார்த்தால் ஆறு தப்பு இருக்கும். அம்மாவுக்குக் கண் வலிக்கிறது என்று அவள் சொன்னது ஹாலில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. யார் கேள்வி கேட்டாலும் அவள் பதில் சொன்னாள். ராத்திரியில் எரியுமா என்று ஒருவர் கேட்டதற்கு, "நைட் நோ சன், நோ லைட், ஐ ஸே ட்ரூத்" என்றாள்.

அவள் மேசைக்குப் பெற்றோர் அதிகம் வரவில்லை. 550 ரூபாய்க் காற்றாலை முன்னால்தான் நின்று போட்டோ எடுத்தீர்கள். இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

உங்கள் மனசு எனக்குத் தெரியும். நானும் இதே தாராவியில், லேபர் கேம்ப்பில் வளர்ந்தவள்தான். நமக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும், மற்றப் பிள்ளைகள் முன்னால் நம் பிள்ளை குறைந்துவிடக் கூடாது என்கிற தவிப்பு. வாரச் சம்பளத்தில் எடுத்து அந்த 550 ரூபாயைக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அடுத்ததாக எழுதுவதைத் தவறாக நினைக்க வேண்டாம், ஆனால் எழுதியே ஆக வேண்டும். கண்காட்சிக்குப் பிறகு ஆங்கில ஆசிரியைக்கு இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்து, காசு கொடுத்து வாங்கி வந்ததற்கு ஏன் மார்க் இல்லை என்று சிலர் சத்தம் போட்டிருக்கிறீர்கள். ஒருவர் பிள்ளையின் காதுபடவே ஆசிரியையைத் தரக்குறைவாகப் பேசியிருக்கிறார். இது இனி நடக்கக் கூடாது. மார்க் பற்றிப் பேச வேண்டுமானால் பள்ளி நேரத்தில் என்னிடம் வாருங்கள். அடுத்த பருவத்திலிருந்து கடையில் வாங்கிய மாடலைப் பள்ளி வாங்கிக்கொள்ளாது, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். பிள்ளை விளக்க முடியாத ஒரு வரிக்கும் மார்க் கிடையாது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

தெர்மாகோலும் வேண்டாம். சுற்றுச்சூழல் கண்காட்சி முடிந்த அன்று மாலை ஆயாம்மா இரண்டு மூட்டை உடைந்த தெர்மாகோலைக் கூட்டி அள்ளினார். அது மட்காது. மணி மணியாக உதிர்ந்து சாக்கடையில் போய் அடைக்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கும் தெர்மாகோலுக்கும் மகாராஷ்டிர அரசு 2018இலேயே தடை போட்டது. உங்களில் பலர் 2005 ஜூலை 26ஆம் தேதியைப் பார்த்தவர்கள். ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு ஊருக்குள் வந்தது, பிளாஸ்டிக் பைகள் அடைத்த சாக்கடைகளில் தண்ணீர் போக வழியில்லை. அன்று ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள், எப்படி வீடு வந்தீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள். அவர்கள் அதை ஆங்கிலத்தில் சொல்லப் பழகட்டும்.

உங்களிடம் நான் கேட்கும் உதவி இதுதான். நம் பிள்ளைகளைப் போலப் பாடம் வாசலிலேயே கிடைக்கும் பிள்ளைகள் அதிகம் பேர் இல்லை. பதின்மூன்றாம் காம்பவுண்டில் பங்கார், அதாவது பழைய சாமான், பிரிக்கும் அப்பாக்கள் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து எந்த ரகம் என்று சொல்லிவிடுவீர்கள். அதைப் பிள்ளைக்கு ஒரு முறை செய்து காட்டுங்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் துண்டு பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி, அதோடு தாரைக் கலந்து ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் ரோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக்கைத்தான் நீங்கள் தினமும் கையால் பிரிக்கிறீர்கள். அந்த வேலையைச் சொல்லப் பிள்ளை கூச்சப்பட வேண்டியதில்லை. போன மாதம் ஒரு பையன் அப்பா வேலையைக் கேட்டதற்கு, "பிசினஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

தீபாவளிக்கு அகல் வாங்கக் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடா போவீர்கள் அல்லவா? பிள்ளையையும் கூட்டிப் போங்கள். பானை ஏன் தண்ணீரைக் குளிர வைக்கிறது என்று அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். மண்ணில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இதே தத்துவத்தை வைத்துத்தான் குஜராத் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி கரண்ட் இல்லாத மண் ஃபிரிட்ஜ் செய்தார். 2001 பூகம்பத்தில் உடைந்த பானைகளின் படத்தை, ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்தது என்று ஒரு பத்திரிகை போட்டதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது.

அடுத்த பருவத்துத் தலைப்பு சமூகப் பிரச்சினைகள். குழாயில் தண்ணீர் வரும் நேரம், செல்போனில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்வது, ஓ.டி.பி. கேட்டுப் பணம் பறிப்பது என்று பிள்ளைகளே பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒரு மாணவனின் பாட்டி அப்படித்தான் பணத்தை இழந்தார். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த எண்ணைச் சந்து முழுக்க எழுதி ஒட்டப் போவதாக அவன் சொல்கிறான். ஆங்கிலத்திலும் தமிழிலும் அவனே எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்தால் நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.

இனி ப்ராஜெக்ட் வேலை முழுவதும் சனிக்கிழமை வகுப்பில், எங்கள் கண் முன்னால்தான் நடக்கும். வீட்டில் செய்ய ஒன்றும் இருக்காது. பிள்ளை தப்புத் தப்பாக ஆங்கிலம் பேசிப் பார்த்தால் மட்டும் தயவுசெய்து சிரிக்காதீர்கள், அண்ணன் அக்காவையும் சிரிக்க விடாதீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

கண்காட்சிக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. தையல் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கடைசி மேசை வரை நின்று எல்லாப் பிள்ளைகளின் பேச்சையும் கேட்ட அம்மாக்கள் உண்டு. மேசை நாற்காலி தூக்கிப் போட வந்த அப்பாக்கள், தண்ணீர் கேன் அனுப்பிய கடைக்காரர், உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சத்தம் போட்டுப் பேசியவர்களில் இருவர் மறு வாரமே வந்து ஆசிரியையிடம் வருத்தம் தெரிவித்தார்கள். அவர்களுக்கும் நன்றி. வீட்டில் எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

விடுமுறை முடிந்து வரும் முதல் நாள், பிள்ளையின் கையில் ஒரு பழைய துணிப்பை கொடுத்து அனுப்புங்கள். காலி பாட்டில், அட்டை, கிழிந்த துணி, ஓடாத பொம்மை, வீட்டில் எது மிச்சமிருக்கிறதோ அது போதும். கடைக்குப் போக வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்