டூக்ஸ்பரி வழியாகப் போகிறாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வேலைக்குப் போகிற வழியில் டூக்ஸ்பரி என்று ஒரு ஊர் வருகிறது என்று போனில் சொன்னாய் அல்லவா, அப்போதிலிருந்து எனக்கு ஆன் சல்லிவன் ஞாபகம்தான். கண்ணும் தெரியாத காதும் கேட்காத ஹெலன் கெல்லரின் டீச்சராகத்தான் உனக்குத் தெரிந்திருக்கும். ஆன் வளர்ந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அந்த ஊர் ஏழை விடுதியில், போக்கிடமில்லாதவர்களை அரசாங்கச் செலவில் வைத்திருந்த இடம் அது.

1876 பிப்ரவரியில் அவளையும் தம்பி ஜிம்மியையும் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அம்மா இறந்தாயிற்று, அப்பன் கைகழுவிவிட்டான். அவளுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை, பார்வை முக்கால்வாசி போயிருந்தது. தம்பிக்கு இடுப்பு எலும்பில் காசநோய். பையனை ஆண்கள் வார்டில் போடப் பார்த்திருக்கிறார்கள், இவள் போட்ட கூச்சலில் இரண்டு பேரையும் பெண்கள் வார்டிலேயே விட்டார்கள். அங்கே நோயாளிகள், கிழவிகள், புத்தி பேதலித்தவர்கள், கல்யாணமாகாமல் பிள்ளை பெற வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் கிடந்தார்கள். பிணம் வைக்கிற அறையில் உட்கார்ந்துதான் அக்காவும் தம்பியும் பழைய பத்திரிகைப் படங்களை வெட்டி விளையாடுவார்களாம். சில மாதம்தான். ஒரு ராத்திரி அவள் விழித்துக் கையை நீட்டித் தடவினால் பக்கத்தில் தம்பியின் கட்டில் இல்லை. அதே அறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

இதெல்லாம் யாரோ ஒரு கொடுமைக்காரனின் வேலை என்றால்கூட மனசு ஆறிவிடும். இது யோசித்துப் போட்ட திட்டம், அம்மா. இந்த மாதிரி விடுதிகள் வருவதற்கு முன்னால் பல ஊர்களில் ஏழைகளை ஏலம் விட்டார்கள். ஊர்ப்பணத்தில் குறைந்த தொகைக்கு எவன் சோறு போட ஒத்துக்கொள்கிறானோ அவன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது, வேலை வாங்கிக்கொள்வது அவன் பாடு. அதை ஒழிக்கத்தான் நியூயார்க்கில் 1824-இல் மாவட்டத்துக்கு ஒரு விடுதி என்று சட்டம் வந்தது, நல்ல எண்ணம்தான், ஆனால் வசதியாக இருந்தால் சோம்பேறிகள் வந்து குவிவார்கள் என்ற பயமும் கூடவே வந்துவிட்டது. அப்புறம் எப்படி இருக்கும்? உடம்பில் தெம்பிருந்தால் பண்ணை வேலை, கல் உடைப்பு. செலவைக் குறைப்பவன்தான் நல்ல மேலாளர். 1857-இல் அந்த மாநில செனட் குழு சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த விடுதிகள் சிலவற்றில் இருக்கிற ஏழைகளைவிட வளர்ப்பு மிருகங்களுக்கு நல்ல கவனிப்பு கிடைக்கிறது என்றே அறிக்கை எழுதியது. மாசசூசெட்ஸிலோ, கேட்பாரற்றுச் செத்த ஏழையின் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க 1831-லேயே சட்டம் இருந்தது. உயிரோடு இருந்தபோது இவ்வளவு அக்கறையாக ஒரு சட்டம் போட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆன் எப்படி வெளியே வந்தாள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 1880-இல் சான்பார்ன் என்கிற அதிகாரி ஆய்வுக்கு வந்தார். யார் எவர் என்று இவளுக்கு முகம் தெரியாது, அந்தக் கூட்டத்தை வார்டு வார்டாகத் தொடர்ந்து போய், கடைசியில் நடுவில் புகுந்து, நான் பள்ளிக்கூடம் போகணும் என்று கத்தினாள். அந்த அக்டோபரிலேயே பாஸ்டன் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பதினான்கு வயது, எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆறே வருஷத்தில் வகுப்பில் முதல் மாணவியாக வெளியே வந்தாள்.

அந்த வளாகத்தில் இப்போது அரசு ஆஸ்பத்திரி நடக்கிறது, பழைய கட்டிடத்தில் ஒரு மியூசியமும் உண்டாம். ஒரு சனிக்கிழமை போய்ப் பார், திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள். போட்டோ அனுப்பு. பிண அறைக் கதையை மட்டும் அம்மாவிடம் சாப்பிடுகிற நேரத்தில் சொல்லித் தொலைக்காதே.

அப்பா