பதினோராம் அத்தியாயம் திரும்ப வருகிறது

அன்புள்ள அண்ணா,

நீங்கள் எடிட் செய்த என் முதல் நாவலின் இரண்டாம் பதிப்பு ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருகிறது. எத்தனை பக்கம் என்பதை நேற்று இரவுதான் முடிவு செய்தேன்; முடிவு செய்ததும் உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. நாம் பேசி ஆறு வருடங்கள் ஆகின்றன.

அன்று மாடி அறையில் கைப்பிரதியை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துத் தரையில் பரப்பினீர்கள். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு கட்டின் மேல் வெற்றிலைப் பெட்டி, ஒன்றின் மேல் காலி டம்ளர், இன்னொன்றின் மேல் கதவுப் பூட்டு என்று வைத்துக்கொண்டே வந்தவர், பதினோராம் அத்தியாயத்தின் மேல் மட்டும் எதையும் வைக்கவில்லை. அதன் மேல்தாள் எழும்பி எழும்பி அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இருபது பாரத்துக்குள் முடித்துவிடலாம்" என்றீர்கள். ஒரு பாரம் என்பது மடித்த ஓர் அச்சுத்தாள்; அதற்குப் பதினாறு பக்கம், ஆக 320 பக்கம். அதன்பின் நாம் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கடிதத்தைப் பலரும் படிப்பார்கள்.

அந்த அத்தியாயத்தில் எதுவும் நடக்கவில்லை என்றீர்கள். உண்மைதான். வேகவைத்த மஞ்சள் களத்தில் காயப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். என் நாயகி அதைக் கிளறிவிடுகிறாள், மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறாள், ஒரு விரலி மஞ்சளை ஒடித்து அதன் சத்தத்தைக் கேட்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் ஈரோட்டு மண்டியில் விலை விழும்போது, அந்த நாட்களை அவளோடு காத்திருந்து கழிக்காத வாசகருக்கு அது வெறும் செய்தி. நீங்கள் அடிக்கடி சொல்லும், ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டரின் ஐம்பதாயிரம் சொல் கணக்கு, எந்த அளவைத் தாண்டினால் நாவல் என்று சொல்லும். எங்கே நிறுத்துவது என்று சொல்லாது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த பொன்னியின் செல்வன் ஐந்து பாகமாக வளர்ந்தது, அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தவர்களை நம்பி. என் கதைக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. மஞ்சள் காயும் நேரம் போதும். அதைக்கூடத் தர உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை? காகித விலைதான் காரணமென்றால் அதை அன்றே சொல்லியிருக்கலாம், கலையின் பெயரால் சொல்லியிருக்க வேண்டாம்.

என் நாவலின் கையை வெட்டினார்கள் என்று இரண்டு கூட்டங்களில் பேசினேன். பெயர் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டவர்களுக்கு யாரென்று புரிந்தது. அது தவறு, மன்னித்துவிடுங்கள். முதல் நாவல் எழுதியவருக்கு எந்தப் பக்கம் உயிர், எந்தப் பக்கம் உழைப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. அதைப் பொறுமையாகச் சொல்லித்தர உங்களால் முடிந்திருக்கும் என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

நீங்கள் நீக்கிய 64 பக்கங்களையும் அப்படியே சேர்த்துவிடும் எண்ணத்தில்தான் போன மாதம் உட்கார்ந்தேன். சித்தப்பா கல்யாணத்தை இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். வாய்க்கால் பாசனத்தின் வரலாறு பதினெட்டுப் பக்கம். நூலகத்தில் நான் எடுத்த குறிப்புகளைத் தூக்கி எறிய மனமில்லாமல் பாத்திரங்களின் வாயில் திணித்திருக்கிறேன். படிக்கப் படிக்க உங்கள் சிவப்புப் பென்சில் சரியென்று ஒத்துக்கொண்டே வந்தேன், அது சந்தோஷமாகவும் இல்லை. 42 பக்கங்கள் வெளியேதான் இருக்கும்.

பதினோராம் அத்தியாயத்தின் 22 பக்கங்கள் மட்டும் உள்ளே வருகின்றன. மொத்தம் 342. இருபத்தொன்றரைப் பாரம் ஆகும், கடைசியில் இரண்டு பக்கம் வெற்றாக நிற்கும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். நிற்கட்டும் என்றேன்.

அச்சுக்குப் போகுமுன் அந்த அத்தியாயத்தை மட்டும் உங்களுக்கு அனுப்புகிறேன். எழுத்துப்பிழை பார்க்க உங்களைவிட நல்ல கண் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு இப்போதும் வேண்டாமென்று தோன்றினால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன், ஆனால் எடுக்கமாட்டேன்.